மண்ணெண்ணெய்க் காரிலிருந்து ஓட்டோ கியர் வான் வரை: வன்னியில் நாம் படிக்காமல் விட்ட ஒரு பாடம்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. வான் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளை வானில் பள்ளிக்கூடம் அனுப்புபவர்களும் பொறுமையாக வாசித்தால் நல்லது.

நான் மெக்கானிக் இல்லை. வரலாறு படிப்பிக்கிற வாத்தியார். போன தவணையில் நடந்த ஒரு விடயம்தான் என்னை இதை எழுத வைத்தது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஒன்று. ஓட்டுகிற நானா தானே உரிமையாளர். லீசிங்கில் எடுத்த வண்டி. ஒரு சனிக்கிழமை கிளிநொச்சிக்கு ஹயர் போய்த் திரும்பும்போது மாங்குளத்துக்குக் கிட்ட வான் நின்றுவிட்டது. எஞ்சின் வேலை செய்கிறது, அக்சிலேட்டரை மிதித்தால் உறுமுகிறது, ஆனால் வண்டி அசையவில்லை. வந்த லொறி ஒன்றில் கயிறு கட்டி வவுனியா வரை இழுத்து வந்தார்கள். கராஜில் கியர் பொக்ஸின் அடித்தட்டைக் கழற்றியபோது வந்த ஒயில் கறுப்பு. கருகின மணம். உள்ளே இரும்புத்தூள்.

நானா என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "சேர், ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கா எஞ்சின் ஒயில் மாத்தியிருக்கன். ஒரு தரம்கூடப் பிந்தினதில்ல. கியருக்கும் ஒயில் மாத்தோணும் எண்டு ஒருத்தரும் சொல்லல்லையே!"

மூன்று கிழமை வான் இல்லை. சில பிள்ளைகள் வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். சிலர் வரவே இல்லை. லீசிங் தவணை மட்டும் நாள் தவறாமல் வந்தது.

சோம்பேறி ஒருவருக்கு இது நடந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இவர் கவனமான மனிதர். வாகனத்தைச் சாகவிடாமல் வைத்திருப்பதில் பேர் போன மண் இது. இங்கே கவனமான ஒருவருக்கே இந்த விடயம் தெரியாமல் போனது எப்படி? அதைத் தேடிப் பார்த்தேன். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

*மண்ணெண்ணெய்க் காலம்*

1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, ரயர், உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைப்பட்டியலில் இருந்தன. அந்த ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். எங்கள் குடும்பம் புத்தளம் முகாமில் இருந்தது. ஆகவே அடுத்து எழுதுவதை நான் கண்ணால் கண்டதில்லை. திரும்பி வந்தபின் இங்கேயே இருந்த நண்பர்களிடம் கேட்டறிந்தது.

அந்த நாட்களில் பழைய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சிலர் தேங்காய் எண்ணெயும் கலந்தார்கள். எழும்பாவிட்டால் நாலு பேர் தள்ளுவார்கள். புகையும் சத்தமும் ஊருக்கே கேட்கும். ஆனால் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவார்.

இந்தக் கெட்டித்தனத்தை உலகமே பாராட்டலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வண்டிகள் எல்லாம் கையால் கியர் போடுபவை. பல்லுச் சக்கரங்கள் தடித்த ஒயிலுக்குள் கிடக்கும். ஒயில் பழையதானாலும் பல மாதம் சமாளிக்கும். கிளச் தேய்ந்தால் காலுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். பழுது முதலில் பேசும், பிறகுதான் வண்டி நிற்கும். நின்றபின் கழற்றித் தட்டை மாற்றினால் மறுபடி ஓடும்.

அந்தக் காலம் நமக்குப் பழக்கிவிட்ட பாடம் இதுதான்: "உடையட்டும், திருத்திக்கொள்வோம்." மெனுவல் வண்டிக்கு அது சரியான பாடம். 2002இல் ஏ9 பாதை திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, 2009இல் யுத்தம் முடியும் வரை அந்தப் பாடம் மாறவில்லை.

*கப்பலுக்குப் பிறந்தது, டாங்கியில் தேறியது*

ஓட்டோ கியரின் வரலாறு வேறு. 1905இல் ஹேர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜேர்மன் பொறியியலாளர் கப்பலுக்காக ஒரு கருவிக்குக் காப்புரிமை எடுத்தார். நீராவிச் சுழலி மிக வேகமாகச் சுற்றும். கப்பலின் விசிறியோ மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் இரும்பால் பிணைக்காமல் திரவத்தால் இணைத்தார் அவர்.

இதை விளங்கிக்கொள்ள இரண்டு மேசை விசிறிகளை முகத்துக்கு முகம் வையுங்கள். ஒன்றை மட்டும் போடுங்கள். அதன் காற்று மற்றதைச் சுற்றவைக்கும். காற்றுக்குப் பதிலாக ஒயிலை நினையுங்கள். உங்கள் வானில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் இருக்கும் டோர்க் கொன்வேர்ட்டர் இந்த வேலையைத்தான் செய்கிறது.

1939இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் 'ஹைட்ரமாட்டிக்' என்ற ஓட்டோ கியரை அறிமுகம் செய்தது. பெருந்தொகையாகச் செய்து விற்கப்பட்ட முதல் முழு ஓட்டோ கியர் அதுதான். 1940ஆம் ஆண்டு மொடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அது வந்தது. இரண்டாம் உலகப்போரில் எம்5 என்ற இலகு யுத்த டாங்கிக்கும் அதைப் பூட்டினார்கள். டாங்கியைத் தாங்கியதென்றால் காரைத் தாங்காதா என்று போருக்குப் பின் சனம் நம்பி வாங்கியது. 1959இல் டொயோட்டாவும் தன் முதல் ஓட்டோ கியரைக் கொண்டுவந்தது. 1969இல் ஜப்பானின் அய்சின் நிறுவனம் அமெரிக்காவின் போர்க் வார்னருடன் சேர்ந்து ஓட்டோ கியர் செய்வதற்கென்றே ஒரு கம்பனி தொடங்கியது. நம் வீதிகளில் ஓடும் பல டொயோட்டா வான்களின் கியர் பொக்ஸ் அந்த வழி வந்தது.

*திமிங்கிலம் படிப்பித்த பாடம்*

மெனுவல் கியர் பொக்ஸில் ஒயிலின் முக்கிய வேலை தேய்மானத்தைக் குறைப்பது. ஓட்டோ கியரில் அதே ஒயில் எஞ்சினின் பலத்தைக் கடத்துகிறது. தன் அழுத்தத்தால் கிளச் தட்டுகளை இறுக்கிக் கியரை மாற்றுகிறது. சூட்டை வெளியே கொண்டுபோகிறது. தேய்மானத்தையும் குறைக்கிறது. அதாவது அது கியர் பொக்ஸின் ஒரு பாகம். மற்றப் பாகங்களைப் போல அதுவும் தேயும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் கிளச் தட்டுகள் ஒயிலுக்குள்ளேயே நனைந்து கிடந்து வேலை செய்கின்றன. ஒயில் அதிகம் வழுக்கினால் தட்டு பிடிக்காது, வழுக்கிக் கருகும். வழுக்கல் குறைந்தால் கியர் விழும்போது வண்டி இடித்துக் குலுங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒயிலைச் செய்வது லேசான வேலை இல்லை.

1949இல் ஜெனரல் மோட்டோர்ஸ் 'டைப் ஏ' என்று இந்த ஒயிலுக்கு ஒரு தரத்தை வகுத்தது. 1960களின் கடைசியில் 'டெக்ஸ்ரன்' வந்தது. அந்த நடுநிலையை அன்று எதைச் சேர்த்துக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்தும் உடலிலிருந்தும் எடுத்த எண்ணெயை! சூட்டைத் தாங்கும், கிளச்சை இதமாகப் பிடிக்க வைக்கும். அந்த இனத் திமிங்கிலங்கள் நம் கற்பிட்டிக் கடலிலும் திருகோணமலைக் கடலிலும் வருவதைப் பார்க்க இன்று வெளிநாட்டார் படகேறுகிறார்கள்.

திமிங்கில இனம் அழிந்து போகிறதென்று 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்த எண்ணெயைத் தடுத்தது. தடுத்தது நியாயம். ஆனால் ஒயில் கம்பனிகள் தடுமாறின. மாற்றாக வந்த புதிய ஒயிலில் ஒரு வகை, ஒயிலைக் குளிரவைக்கும் குழாய்களின் பற்றுவைப்பை அரித்தது. அதை மறுபடி திருத்தி வெளியிட வேண்டி வந்தது. செயற்கை இரசாயனங்களால் அந்தச் சமநிலையைப் பிடிக்கச் சில ஆண்டுகள் எடுத்தன.

உலகத்தின் பெரிய கார்க் கம்பனியே ஒயில் கலவை ஒன்று மாறியதற்கு இப்படித் தடுமாறியது. நாம் கடையில் "சிவப்பு ஒயில் ஒரு போத்தல் தாங்க" என்று கேட்டு ஊற்றுகிறோம்! சிவப்பு வெறும் சாயம். ஒழுகினால் எஞ்சின் ஒயிலா கியர் ஒயிலா என்று அடையாளம் காணப் போட்டது. ஒரே சிவப்பில் பல வகை உண்டு. டொயோட்டாவிலேயே பழைய மொடல்களுக்கு டெக்ஸ்ரன், பிறகு டி-ஃபோர், அதன்பின் டபிள்யூஎஸ் என்று மாறி வந்திருக்கிறது. நிசானுக்கு மெட்டிக் டி, ஜே, எஸ் என்று வேறு வரிசை. சிவிடி கியருக்கு முற்றிலும் வேறு ஒயில். ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் வண்டி அன்று ஓடும். மெல்ல மெல்லத் தட்டைத் தின்னும்.

*வன்னிக்கு வந்த வான்கள்*

டொயோட்டா ஹயஸ் 1967இல் பிறந்தது. நாம் 'டொல்பின்' என்று செல்லமாக அழைக்கும் தலைமுறை 1989இல் வந்தது. 'கேடிஎச்' 2004இல் வந்தது. 2009க்குப் பின் ஏ9 வீதி காப்பற்றானதும், மீள்குடியேறியவர்களுக்கு லீசிங் கிடைத்ததும் இந்த வான்கள் வன்னிக்குள் பெருகின. முதலில் பெரும்பாலும் மெனுவல். பிறகு ஓட்டோ கியர் வண்டிகள் கூடின. பெண்கள் ஓட்டவும், நீண்ட ஹயர் ஓடுபவர்களின் கால் நோகாமலிருக்கவும் அது வசதி.

அநேகமானவை ஜப்பானில் பாவித்து வந்தவை. அங்கே கியர் ஒயில் எப்போது மாற்றினார்கள் என்று நமக்குத் தெரியாது. மீற்றர் காட்டுவது உண்மையா என்பதும் தெரியாது. விற்றவர் "இது சீல் பண்ணின பொக்ஸ், வாழ்நாளுக்கு ஒயில் மாற்றத் தேவையில்லை" என்றிருப்பார். அந்தப் பேச்சு முழுப் பொய் இல்லை. சில கம்பனிகளின் கையேடுகளில் சாதாரண பாவனைக்கு மாற்றும் காலம் குறிப்பிடப்படவில்லை. ஆனால் அதே கையேடுகளில் 'கடும் பாவனை' என்று ஒரு பகுதி இருக்கும். அதிக சுமை, தூசி, கரடுமுரடான வீதி, நின்று நின்று ஓடுதல் எல்லாம் அதற்குள் வரும். கிறவல் வீதியில், உச்சி வெயிலில், ஏசியும் போட்டு, அளவுக்கு மேல் பிள்ளைகளை ஏற்றி, வீட்டுக்கு வீடு நிறுத்தி ஓடும் பள்ளிக்கூட வான் கடும் பாவனை இல்லாமல் வேறென்ன?

சூடுதான் இந்த ஒயிலின் எதிரி. ஏறக்குறைய 80 பாகை செல்சியஸைத் தாண்டியபின் ஒவ்வொரு 10, 11 பாகை ஏறும்போதும் ஒயிலின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது துறை சார்ந்தவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு.

அடுத்து 2020. மார்ச் மாதம் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் ரூபா விழுந்தது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. உதிரிப்பாக விலை எட்டாத உயரம் போனது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தது. அதுவும் வரியோடு பார்த்தால் நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. ஆக அந்த ஐந்து வருடமும் இருந்த வானையே எல்லோரும் ஓட்டினோம். அவை இப்போது கிழடாகிவிட்டன. பல வண்டிகளின் கியர் ஒயிலை இலங்கையில் யாருமே தொட்டிருக்க மாட்டார்கள். நானாவின் வானும் அதில் ஒன்று.

மண்ணெண்ணெய்க் காலம் நமக்கு உடைந்தபின் திருத்தப் படிப்பித்தது. ஓட்டோ கியர் பெரும்பாலும் அதற்கு இடம் தருவதில்லை. அது வலியைச் சொல்லத் தொடங்கும்போது உள்ளே பாதி முடிந்திருக்கும். இதை உடைய முன்னம் பார்க்க வேண்டும்.

*சரி, என்ன செய்வது?*

விசாரித்தும் வாசித்தும் அறிந்ததை எழுதுகிறேன். தொழில் தெரிந்த சகோதரர்கள் பிழை கண்டால் கீழே திருத்துங்கள்.

1. கடைசியாக எப்போது கியர் ஒயில் மாற்றினீர்கள் என்று இன்றே பாருங்கள். தெரியாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் கடும் பாவனைக்குச் சொன்ன தூரத்தைப் பின்பற்றுங்கள். கையேடு இல்லாவிட்டால், நம் பாவனைக்கு 40,000 கிலோமீற்றரைத் தாண்ட விடாதீர்கள்.

2. கையேட்டில் அல்லது டிப்ஸ்டிக்கில் எழுதிய அதே தர ஒயிலை மட்டும் பாவியுங்கள். "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று கடைக்காரர் தந்தால் போத்தலின் பின்பக்கம் உங்கள் தரத்தின் பெயர் இருக்கிறதா என்று வாசியுங்கள்.

3. கீழ் நட்டைக் கழற்றினால் முழு ஒயிலும் வராது. டோர்க் கொன்வேர்ட்டருக்குள் பெரும் பங்கு தங்கிவிடும். ஆகவே ஒருமுறை மாற்றி, கொஞ்ச நாள் ஓடி, மறுபடி மாற்றுவது நல்லது. அடித்தட்டைக் கழற்றி ஃபில்டரையும் உள்ளே இருக்கும் காந்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். காந்தத்தில் மாவு போன்ற தூள் வழமை. துண்டு துண்டாக இரும்பு கிடந்தால் ஆபத்து.

4. "பழைய பொக்ஸுக்குப் புது ஒயில் விட்டால் செத்துப்போகும்" என்று ஒரு கதை உலவுகிறது. பலர் வண்டி வழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஒயில் மாற்றுகிறார்கள். அந்த நேரம் தட்டுகள் ஏற்கனவே தேய்ந்துவிட்டன. பழி புது ஒயில்மேல் விழுகிறது. வழுக்காமல் ஓடும்போதே மாற்றினால் இந்தப் பயம் தேவையில்லை. பழைய வண்டிக்கு மெஷின் வைத்து அழுத்திக் கழுவுவதை மட்டும் தவிருங்கள்.

5. டிப்ஸ்டிக் உள்ள வண்டியில் மாதம் ஒருமுறை அளவு பாருங்கள். வண்டி ஓடிச் சூடானபின், சமதரையில், பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கியரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் பார்க்கில் விட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஒயில் பார்க்கும் முறை இதுவல்ல. டிப்ஸ்டிக் இல்லாத வண்டியைத் தெரிந்தவரிடம் விடுங்கள். குறைவும் கெடுதி, கூடுதலும் கெடுதி.

6. ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பல வான்களில் கியர் ஒயிலைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேதான் இருக்கிறது. நம் பக்கத்துத் தண்ணீர் கேத்தலில் எவ்வளவு வெள்ளைப் படிவு விடுகிறதென்று உம்மாமாரிடம் கேளுங்கள். அதே படிவு அங்கேயும் சேரும். குழாய் அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீரும் ஒயிலும் கலந்து ஸ்ட்ரோபெரி மில்க் போல வரும். அப்படிக் கண்டால் வண்டியை எடுக்காதீர்கள். கூலன்ட் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

7. கயிறு கட்டி இழுக்காதீர்கள்! கியர் பொக்ஸுக்குள் ஒயிலை ஓட்டும் பம்ப், எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சின் நின்ற வண்டியை இழுத்தால் உள்ளே ஒயில் இல்லாமல் இரும்பு இரும்போடு உரசும். எஞ்சின் ஓடினாலும் உடைந்த பொக்ஸை இழுத்து உருட்டினால் அழிவு கூடும். மாங்குளத்திலிருந்து வவுனியா வரை நானாவின் வானுக்கு நடந்தது அதுதான். பின்சக்கரத்தில் ஓடும் வான் என்றால் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும், அல்லது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும். நாலு சக்கரத்தையும் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி எல்லாவற்றிலும் நல்லது. அந்தக் காலக் கார் மாதிரித் தள்ளி எழுப்பவும் முடியாது.

8. வண்டி முழுதாக நின்றபின்தான் முன்னுக்கிருந்து றிவேர்ஸுக்கு மாற்றுங்கள். நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு பார்க். எரிபொருள் மிச்சமென்று ஓடும்போது நியூட்ரலில் விடாதீர்கள்.

9. வெள்ளத்துக்குள் இறங்கினால், 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பார்த்தோமே அப்படி, பிறகு கியர் ஒயிலின் நிறத்தைக் கட்டாயம் பாருங்கள். காற்றுத் துவாரத்தால் தண்ணீர் போயிருக்கலாம்.

10. கியர் மாறப் பிந்துவது, டி போட்டதும் இடிப்பது, எஞ்சின் உறுமியும் வேகம் ஏறாதது, கருகிய மணம். இவற்றில் ஒன்று கண்டாலும் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று விடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வான் காசை மாதக் கடைசி வரை இழுத்தடித்துவிட்டு, வான் நல்லா இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒயில் மாற்றும் காசு அந்தப் பணத்திலிருந்துதான் வருகிறது.

நானா இப்போது பாவித்த பொக்ஸ் ஒன்று வாங்கிப் போட்டு மறுபடி ஓடுகிறார், அல்ஹம்துலில்லாஹ். அவர் கணக்குப்படி இந்த ஒரு பழுதுக்குப் போன பணத்தில் இருபது வருடத்துக்குக் கியர் ஒயில் மாற்றியிருக்கலாம். கடனாக வாங்கிய காசு அது. டாஷ்போர்ட்டில் இப்போது ஒரு சின்ன அட்டை ஒட்டியிருக்கிறார். மேல் வரியில் எஞ்சின் ஒயில் மாற்றிய திகதியும் மீற்றரும். கீழ் வரியில் கியர் ஒயில். அந்த இரண்டாவது வரியைத் தன் கையால் எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

உங்கள் வானிலும் அந்த இரண்டாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்றே எழுதுங்கள். வான் ஓட்டும் உறவினர் யாராவது இருந்தால் இதை அனுப்பி வையுங்கள்.

துஆக்களுடன்,
உங்கள் ஊர் வாத்தியார்.